வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சிகளில் எவை தேவை? ஆக்குபேஷனல் தெரபியும் பெற்றோரின் பங்கும்

பூங்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று உறுதி செய்திருக்கிறார்கள். சத்தம், தொடுதல், ஆடையின் தையல் ஆகியவற்றை அவனால் எளிதில் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. உடுத்துதல், உண்ணுதல், எழுதுதல் போன்ற அன்றாடச் செயல்களைச் செய்ய உதவும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபிக்கு வாரந்தோறும் அழைத்துச் செல்கிறோம். அங்கே ஊஞ்சலிலும் பெரிய பந்தின் மீதும் மகிழ்ச்சியாகவே விளையாடுகிறான். சிக்கல் வீட்டில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வீட்டில் செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் தருகிறார்கள். களிமண் பிசைவது, மணி கோப்பது, இடுக்கியால் பஞ்சுருண்டைகளை எடுத்து வைப்பது, சுவரைக் கைகளால் தள்ளுவது, புள்ளிகளை இணைத்துக் கோடு வரைவது என்று பழையவற்றில் எதுவும் நீங்காமல் புதியவை சேர்ந்துகொண்டே போகின்றன. பள்ளி விட்டு வந்த பிறகு நான் அந்தப் பயிற்சிப் பொருட்கள் உள்ள பெட்டியைக் கையில் எடுத்தாலே மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான்.

இவ்வளவு செய்தும், சட்டை போடுவதற்கும் பல் துலக்குவதற்கும் காலையில் நடக்கும் போராட்டம் சிறிதும் குறையவில்லை. வீட்டுப் பயிற்சிகளை எந்த அளவுக்குச் செய்வது அவசியம் என்பதையும், இந்தப் பயிற்சிகளுக்கும் காலைப் போராட்டத்துக்கும் உண்மையில் என்ன தொடர்பு என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

செங்கதிர் எழுதியது:

சகோதரி, தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். தெரபிஸ்ட் குழந்தையைப் பார்ப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் குழந்தை நம்மிடம்தான் இருக்கிறது. நாம் தொடர்ந்து செய்யாவிட்டால் அங்கே கற்றது நிலைக்காது. எங்கள் மகனுக்குத் தெரபிஸ்ட் சொன்னதையெல்லாம் நாங்கள் ஒரு நாளும் விடாமல் செய்தோம், பலன் கண்டோம். குழந்தை முதலில் மறுக்கும், பிறகு பழகிவிடும். பெற்றோர் உறுதியாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இளவேனில் எழுதியது:

வணக்கம். நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். செங்கதிர் அவர்கள் சொல்வதில் ஒரு பகுதியை முழுமையாக ஏற்கிறேன்: குழந்தையின் வாழ்க்கை நடப்பது வீட்டில்தான், எனவே மாற்றமும் அங்கேதான் நடந்தாக வேண்டும். ஆனால் இதிலிருந்து, தெரபி அறையில் செய்வதை அப்படியே வீட்டில் திரும்பச் செய்ய வேண்டும் என்ற முடிவுக்கு வரக் கூடாது.

பூங்கொடி, உங்கள் பதிவைப் படித்தவுடன் எனக்குத் தோன்றிய கேள்வி, அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் எந்த அன்றாடச் செயலுக்காகத் தரப்பட்டது என்பதுதான். விரல்களில் வலுவும் ஒருங்கிணைப்பும் கூடினால் பொத்தான் போடுவதும் எழுதுவதும் தாமாகவே வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பில்தான் நெடுங்காலமாக இத்தகைய பயிற்சிகளைத் தந்து வந்தோம். அந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் நிறைவேறுவதில்லை. மணி கோத்துப் பழகும் குழந்தை மணி கோப்பதில் தேறுகிறது. சட்டை போட வேண்டுமானால் சட்டையைப் போட்டுத்தான் பழக வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி முறைகளைத் தொகுத்து ஆராய்ந்து, நோவாக், ஹோனன் ஆகியோர் 2019-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். குழந்தைக்குத் தேவையான செயலையே இலக்காக வைத்து, அந்தச் செயலையே அது நடக்கும் இடத்தில் பயிற்றுவிப்பதும், பெற்றோருக்கு வழிகாட்டி அவர்கள் மூலம் வீட்டில் நடைமுறைப்படுத்துவதும் நல்ல சான்றுகள் உள்ள முறைகளாக அதில் இடம்பெற்றன. அடிப்படைத் திறனைத் தனியாக வளர்த்துவிட்டு அது செயலாக மாறும் என்று காத்திருக்கும் முறைகளுக்கு அத்தகைய ஆதரவு கிடைக்கவில்லை.

சட்டையையே எடுத்துக்கொள்வோம். தலைவழியாகப் போடும் சட்டை என்றால், அதை எடுப்பது, முன்பக்கம் கீழே இருக்கும்படி படுக்கையில் விரிப்பது, அடிப்பகுதியைத் திறந்து பிடிப்பது, தலையை நுழைப்பது, ஒரு கை, மறு கை, இழுத்து விடுவது என்று அதில் குறைந்தது ஏழு படிகள் இருக்கின்றன. காலையில் அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று இரண்டு மூன்று நாள் ஒன்றும் சொல்லாமல் கவனித்துப் பாருங்கள். துணி கண்ணை மறைக்கும் அந்த நொடியில் பதறினால் சிக்கல் தலை நுழைப்பதில் இருக்கிறது. கழுத்து அகலமான சட்டையே பாதி வேலையை முடித்துவிடும். கையை நுழைக்கும்போது உடல் சாய்ந்து தடுமாறினால் சமநிலை போதவில்லை என்று பொருள். சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காரச் சொல்லுங்கள். போட்டு முடித்த பிறகு கழற்றி எறிந்தால் அது திறன் சார்ந்த சிக்கலே இல்லை. கழுத்துப் பட்டியில் இருக்கும் லேபிளோ தோள்பட்டைத் தையலோ அவனை உறுத்துகிறது.

பிறகு பின்னிருந்து தொடங்குங்கள். முதல் ஆறு படிகளையும் நீங்கள் செய்துவிட்டு, சட்டையை வயிற்றுக்குக் கீழே இழுத்து விடுவதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது எளிதான பிறகு, இரண்டாவது கையை நுழைப்பதையும் இழுத்து விடுவதையும் அவனிடம் விடுங்கள். ஒவ்வொரு முறையும் கடைசிப் படியை அவனே செய்வதால், வேலையை முடித்தவன் அவனாகிறான். தொடுதலைத் தாங்காத குழந்தை என்பதால் அவன் கைமேல் உங்கள் கையை வைத்து இயக்க வேண்டாம். துணியைப் பிடித்து வழிகாட்டினால் போதும். பள்ளிக்குக் கிளம்பும் பரபரப்பில் புதுப் படியைத் தொடங்காமல், விடுமுறை நாளிலோ இரவு உடை மாற்றும்போதோ தொடங்குவது நல்லது. இந்தப் பயிற்சிக்கென்று தனி நேரமும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், எப்படியும் உடை மாற்றத்தானே வேண்டும்!

பூங்கொடி எழுதியது:

மிக்க நன்றி. இப்போது யோசித்துப் பார்த்தால், அவன் எப்போதும் தலை நுழைக்கும் இடத்தில்தான் கத்துகிறான். பல் துலக்குவதைப் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? அதில் படி படியாகப் பிரிப்பதற்கே இடமில்லை. பிரஷ் உதட்டைத் தொட்டதுமே எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஆழி எழுதியது:

நான் ஆட்டிசம் உள்ள ஒரு பெரியவன். சிறு வயதில் ஆக்குபேஷனல் தெரபிக்குச் சென்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பல் துலக்குவது ஒரே செயல் என்று மற்றவர்களுக்குத் தோன்றலாம். எனக்கு அது ஒரே நேரத்தில் வந்து மோதும் பல செயல்களாக இருந்தது. பேஸ்டின் காரம் நாக்கில் எரியும். நுரை பெருகி, விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் தொண்டை அடைக்கும். பிரஷ் பல்லில் உரசும் சத்தம் காதுக்கு வெளியிலிருந்து வருவதில்லை, மண்டைக்குள்ளேயே கேட்கும். குளியலறையின் விளக்கு வெளிச்சமும் எதிரொலியும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொருவர் கை என் வாய்க்குள் இருக்கும். அது எப்போது வெளியே வரும் என்று எனக்குத் தெரியாது. அந்த நிச்சயமின்மைதான் மிகக் கொடுமையானது.

எனவே இதிலும் பிரிக்க இடமிருக்கிறது, பூங்கொடி அவர்களே. படிகளாகப் பிரிக்காமல் புலன்களாகப் பிரித்துப் பாருங்கள். சுவையற்ற, நுரை குறைந்த பேஸ்ட்டுகள் கிடைக்கின்றன; ஃபுளோரைடு உள்ளதாகப் பல் மருத்துவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் பேஸ்ட் இல்லாமல் ஈரமான மென்மையான பிரஷ் மட்டும் போதும். குளியலறையில்தான் துலக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அவனுக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்து துலக்கலாம். பிரஷை முதலில் அவன் பிடிக்கட்டும். நீங்கள் துலக்கும் முறை வரும்போது எத்தனை வரை எண்ணப் போகிறீர்கள் என்று முன்பே சொல்லி, உரக்க எண்ணி, சொன்ன எண்ணில் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம்தானே என்று ஒரே ஒரு முறை கூடுதலாகத் துலக்கிவிட்டால்கூட, அந்த எண்ணிக்கை மீது அவனுக்கு இருக்கும் நம்பிக்கை போய்விடும். அவன் கையை உயர்த்தினால் நிறுத்துவீர்கள் என்ற ஏற்பாடும் இருக்கட்டும். அவன் உயர்த்தும்போது உண்மையாகவே நிறுத்துங்கள்.

செங்கதிர் அவர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். மறுக்கும் குழந்தை பிறகு பழகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது பழகுவதும் கைவிடுவதும் ஒன்றுபோலவே தெரியும். நான் பல விஷயங்களில் எதிர்ப்பதை நிறுத்தினேன். அவை எனக்கு எளிதாகிவிட்டன என்பதால் நிறுத்தவில்லை. எதிர்த்தாலும் எதுவும் மாறாது என்று தெரிந்ததால் நிறுத்தினேன். என் உடலில் என்ன நடக்கிறது என்று நான் சொல்வதை யாரும் பொருட்படுத்தாத பழக்கம், வலி வந்தாலும் சொல்லாமல் இருக்கும் பழக்கமாக வளர்ந்தது. வேண்டாம் என்று சொல்லவும் அச்சொல் மதிக்கப்படவும் ஒரு குழந்தை கற்றுக்கொள்வது, பொத்தான் போடக் கற்றுக்கொள்வதைவிட முக்கியமானது என்று உறுதியாக நம்புகிறேன்.

செங்கதிர் எழுதியது:

ஆழி அவர்களே, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் மகனிடம் இப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. எழுதியதற்கு நன்றி.

நுண்ணோக்கி எழுதியது:

இந்த இழையில் புலன்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால், ஊஞ்சல், எடைப் போர்வை, உடலை பிரஷால் தேய்த்தல் போன்றவற்றின் சான்றுகளைப் பற்றியும் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. தொடுதல், அசைவு, ஒலி போன்ற புலன் உணர்வுகளை மூளை ஒருங்கிணைக்கும் விதத்தைப் பற்றிய புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை உருவாக்கியவர் ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அவருடைய முதன்மையான நூல் 1972-இல் வெளிவந்தது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் புலன் உணர்வுகள் மிகையாகவோ குறைவாகவோ இருக்கும் என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாத செய்தி. 2013-இல் வெளியான டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு அதை ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. ஆனால் அந்தக் கோட்பாட்டின் அடிப்படையில் தரப்படும் சிகிச்சை எந்த அளவுக்கு உதவுகிறது என்பது வேறு கேள்வி.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், இத்தகைய சிகிச்சையை முழுமையான சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்கலாம் என்றும், அதற்கான ஆய்வுகள் போதிய அளவில் இல்லை என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்றும் கூறியது. ஷாஃப் என்பவரின் குழு ஆட்டிசம் உள்ள 32 குழந்தைகளிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட சோதனையில், சிகிச்சை பெற்றவர்கள் தமக்கென வகுக்கப்பட்ட இலக்குகளில் கூடுதலாக முன்னேறினார்கள். பிரிட்டனில் 138 குழந்தைகளைக் கொண்டு நடந்து, 2022-இல் முடிவுகள் வெளியான பெரிய சோதனையோ, எரிச்சலும் கொந்தளிப்பும் குறைவதில் வழக்கமான கவனிப்பைவிட இந்தச் சிகிச்சையால் கூடுதல் பயன் இல்லை என்று கண்டது. எடைப் போர்வையைப் பற்றி 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, அதனால் தூக்க நேரம் கூடவில்லை என்றும், ஆனாலும் குழந்தைகளும் பெற்றோரும் அதையே விரும்பினார்கள் என்றும் தெரிவித்தது. இவற்றையெல்லாம் சொல்வது தெரபியைக் கைவிடச் சொல்வதற்காக இல்லை. ஊஞ்சலில் ஆடினால் பேச்சு வரும், கவனம் கூடும், படிப்பு வரும் என்று யாராவது உறுதி தந்தால், அந்த உறுதிக்கு ஆதாரம் இல்லை என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

செங்கதிர் எழுதியது:

ஆய்வுகளை மறுக்கும் அளவுக்கு எனக்கு அறிவு இல்லை. ஆனால் ஊஞ்சலில் ஆடிய பிறகு என் மகன் அமைதியாக உட்கார்ந்து சாப்பிடுவதை என் கண்ணால் பார்க்கிறேன். அது பொய்யாகிவிடுமா?

இளவேனில் எழுதியது:

பொய்யாகாது, செங்கதிர். நீங்கள் பார்ப்பதையும் நுண்ணோக்கி சொல்வதையும் ஒருசேர ஏற்க முடியும். ஊஞ்சல் அவன் உடலை அந்த நேரத்துக்கு அமைதிப்படுத்துகிறது. அந்த அமைதியில் அவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அது உண்மையான பயன். அதனால் அவனுடைய நரம்பு மண்டலம் நிரந்தரமாக மாறிவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் சான்றுகளைத் தாண்டிச் செல்வது. சாப்பிடுவதற்கு முன் ஊஞ்சல் உதவுகிறது என்றால், அதை அவனுக்குக் கிடைக்கும் வசதியாக வைத்துக்கொள்ளுங்கள். நாளடைவில், எனக்கு இப்போது ஊஞ்சல் வேண்டும் என்று அவனே உணர்ந்து கேட்கும் நிலை வருமானால் அதுவே ஒரு பெரிய திறன்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு செய்திகளை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். சுழலும் ஊஞ்சலில் குழந்தையின் முகம் வெளுத்தாலோ, திடீரென வியர்த்தாலோ, குமட்டினாலோ உடனே நிறுத்திவிடுங்கள்; அந்த விளைவு சில நேரம் தாமதமாகவும் வரும். எடைப் போர்வையைக் குழந்தை தானாகவே விலக்கிக்கொள்ள முடிய வேண்டும். கைக்குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. உடலை பிரஷால் தேய்க்கும் முறைக்கு என்னைத் திருப்திப்படுத்தும் சான்று இல்லை. தொடுதலைத் தாங்காத குழந்தைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

வெண்பலகை எழுதியது:

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பள்ளி விட்டு வந்ததும் மகன் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான் என்று பூங்கொடி எழுதியதைப் பார்த்தபோது, வகுப்பில் நான் பார்க்கும் சில குழந்தைகள் நினைவுக்கு வந்தார்கள். நாள் முழுவதும் நாற்காலியின் கிறீச்சொலி, மணியோசை, பக்கத்துக் குழந்தையின் முழங்கை என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அடக்கி வைத்ததெல்லாம் வீட்டு வாசலில் வெடிக்கிறது. பள்ளியில் நன்றாகத்தான் இருக்கிறான், உங்களிடம்தான் அடம்பிடிக்கிறான் என்று எங்களில் சிலர் பெற்றோரிடம் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்வது மிகவும் தவறு. பாதுகாப்பான இடம் என்று நம்புவதால்தான் குழந்தை அங்கே வெடிக்கிறது. பள்ளி விட்டு வந்த முதல் ஒரு மணி நேரத்தில் கேள்விகளும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். மேசைக்கடியில் ஒரு தலையணையைப் போட்டு வையுங்கள்.

எழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பென்சிலை மூன்று விரலால்தான் பிடிக்க வேண்டும் என்று பல வீடுகளில் நாள்தோறும் சண்டை நடக்கிறது. வழக்கில் உள்ள வேறு சில பிடிகளில் எழுதும் குழந்தைகளின் வேகமும் தெளிவும் அதனால் குறைவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கை வலிக்கிறதா, தாள் கிழிகிறதா, சீக்கிரம் சோர்ந்துபோகிறதா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால் பிடியை விட்டுவிடலாம். அதற்கு முன்னால் நாற்காலியைக் கவனியுங்கள். கால்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் உடலை நிமிர்த்தி வைப்பதிலேயே குழந்தையின் ஆற்றல் போய்விடும். பாதத்துக்குக் கீழே ஓர் உறுதியான பெட்டியை வைத்தவுடன் கையெழுத்து மாறிய குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். உடல் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேருக்கு இருக்கிறது. அவர்களில் பலருக்கு எவ்வளவு எழுதிப் பழகினாலும் எழுத்து சிரமமாகவே இருக்கும். தட்டச்சு செய்யவோ வாய்மொழியாக விடை சொல்லவோ அவர்களை அனுமதிப்பது சலுகை ஆகாது. அவர்கள் தாம் அறிந்ததை வெளிப்படுத்துவதற்கான வழி அது.

தூரிகை எழுதியது:

சிறு குழந்தைகளைப் பற்றியே பேச்சு போவதால், சற்று வளர்ந்த குழந்தைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகளுக்குப் பதினொரு வயது, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு இருக்கிறது, உடல் ஒருங்கிணைப்பிலும் சிரமம் உண்டு. அவளுடைய தெரபிஸ்ட் முதல் நாளில் என்னிடம் ஒன்றும் கேட்காமல் அவளிடமே கேட்டார்: உனக்கு எதைச் செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும்? நான் கையெழுத்தை எதிர்பார்த்தேன். அவள் ஷூ லேஸ் என்றாள். விளையாட்டு நேரத்தில் லேஸ் அவிழும்போதெல்லாம் தோழியிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறதாம். அது எனக்குத் தெரியவே தெரியாது.

அவர்கள் பின்பற்றிய முறையைக் கனடாவில் பொலடாய்கோ, மான்டிச் ஆகியோர் உருவாக்கியதாகத் தெரபிஸ்ட் விளக்கினார். இலக்கு, திட்டம், செய்தல், சரிபார்த்தல் என்று நான்கு நிலைகள் அதில் இருக்கின்றன. பெரியவர் விடை சொல்லக் கூடாது, கேள்வி மட்டுமே கேட்கலாம் என்பதுதான் அதில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. வீட்டில் ஒரு நாள் இப்படி நடந்தது. எந்த இடத்தில் நழுவுகிறது என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். மெதுவாகச் செய்து பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, வளையத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும்போது அது பெரிதாகி விழுந்துவிடுகிறது என்றாள். அப்படியானால் என்ன செய்யலாம் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, வளையத்தின் உச்சியைப் பிடிக்காமல் அடியில், ஷூவை ஒட்டிப் பிடிக்கலாம் என்றாள். செய்தாள், நின்றது. பிறகு அவளே இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு நிறத்தில் லேஸ் வேண்டும், எது எதற்கு மேலே போகிறது என்று தெரியவில்லை என்று கேட்டாள். அந்த யோசனை என் மூளையில் உதித்திருக்காது.

தொடக்கத்திலும் முடிவிலும், அந்தச் செயலை எவ்வளவு நன்றாகச் செய்கிறாய், உனக்கு எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். கனடாவில் 1991-இல் வெளிவந்த ஓர் அளவுகோலாம் அது. செயல்திறனையும் திருப்தியையும் தனித்தனியாகக் கேட்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு வேலையைச் சுமாராகச் செய்தாலே போதும் என்று குழந்தை நினைத்தால், அதை மேலும் மேலும் திருத்த நாம் ஏன் அதன் நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்?

பூங்கொடி எழுதியது:

ஒவ்வொருவரும் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நெஞ்சார்ந்த நன்றி. கழுத்து அகலமான சட்டைகளாக எடுத்து வைத்துவிட்டேன். இப்போது இழுத்து விடுவதை அவனே செய்கிறான். செய்துவிட்டு என்னைப் பார்க்கிறான். பல் துலக்குவது இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணத் தொடங்கினால் வாயைத் திறக்கிறான். ஐந்து வரைக்கும்தான்.

ஒரே ஒரு தயக்கம் மீதியிருக்கிறது. எங்கள் தெரபிஸ்ட் நல்லவர், என் மகனுக்கும் அவரைப் பிடிக்கும். பட்டியலைக் குறையுங்கள் என்று சொன்னால் அவருடைய திறமையை ஐயப்படுவதாக நினைத்துவிடுவாரோ என்று அஞ்சுகிறேன். எப்படிப் பேசுவது?

இளவேனில் எழுதியது:

அவர் மகிழ்ச்சியடைவார் என்றே நினைக்கிறேன். பட்டியல் தருவதை நிறுத்தினால் பெற்றோர் குறைபட்டுக்கொள்வார்கள் என்று அஞ்சி நீட்டிக்கொண்டே போகும் தெரபிஸ்டுகள் உண்டு. பெற்றோர் செய்து முடிக்காததைச் சொல்லத் தயங்குவதால் எங்களுக்கும் உண்மை நிலை தெரியாமல் போகிறது. எதைச் செய்ய முடியவில்லை என்பது எங்களுக்கு மிகவும் பயனுள்ள செய்தி. அது தெரிந்தால்தான் செயலை மாற்றித் தர முடியும்.

அடுத்த முறை போகும்போது, பெட்டியைப் பற்றிப் பேசாமல் காலைப் பொழுதிலிருந்து தொடங்குங்கள். சட்டை போடுவதும் பல் துலக்குவதும்தான் எங்கள் வீட்டில் இப்போது மிகக் கடினம், அடுத்த சில வாரங்களுக்கு இந்த இரண்டை மட்டும் இலக்காக வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். சட்டை போடுவதைச் சிறிய வீடியோவாக எடுத்துக்கொண்டு போங்கள். தெரபி அறையில் நாங்கள் ஒருபோதும் பார்க்க முடியாததை அது காட்டும். ஆனால் அவன் தாங்க முடியாமல் நிலைகுலைந்துபோகும் மெல்ட்டவுனில் இருக்கும்போது வீடியோ எடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் அவனுக்குத் தேவை நீங்கள்தான். இதைப் பழகினால் எந்தச் செயல் எளிதாகும் என்று பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். தெளிவான விடை வராததை நிறுத்தி வைக்கலாமா என்று அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். அவனுக்குப் பிடித்த பயிற்சி ஏதாவது இருந்தால் அதை விளையாட்டாக அவனிடமே விட்டுவிடலாம்.

தெரபி நடக்கும்போது நீங்களும் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா என்றும் கேளுங்கள். சில குழந்தைகளுக்குப் பெற்றோர் உள்ளே இருந்தால் கவனம் சிதறும் என்பது உண்மை. அப்படியிருந்தால் கடைசிப் பத்து நிமிடமாவது உங்களை உள்ளே அழைத்து, அன்று என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று காட்ட முடியும். கதவை எப்போதும் மூடியே வைத்து, இலக்கு என்ன என்றும் சொல்லாமல், குணமாக்கிவிடுவோம் என்று மட்டும் சொல்லும் இடமாக இருந்தால் நான் வேறு இடம் பார்க்கச் சொல்லியிருப்பேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது அத்தகைய இடமாகத் தெரியவில்லை.

இந்த இரண்டு இலக்குகளும் நிறைவேறிவிட்டால், சிறிது காலம் தெரபியை நிறுத்தி வைத்துவிட்டு, புதிய தேவை எழும்போது மீண்டும் தொடங்கலாமா என்றும் அவரிடம் பேசலாம். எங்கள் பணியில் அது வழக்கமானதுதான். பள்ளி மாறும்போதும் வகுப்பு மாறும்போதும் தேவைகள் மாறும். அப்போது திரும்பி வரும் குழந்தைகள் நிறைய இருக்கிறார்கள். பல் துலக்குவதில் ஐந்து வரை வந்திருப்பதை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். ஆறுக்குப் போவதற்கு முன் ஐந்திலேயே சில நாள் இருங்கள்.